தையலுக்குத் தாளம்

கேள்வி: மரக்காணம் உப்பளத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி, காலில் தையல் போடப் போனேன். நர்ஸம்மா செல்போனில் இளையராஜா பாட்டு போட்டுவிட்டுத் தைத்தார். பாட்டுக்கு வலி குறையுமா?
– உப்பளத் தொழிலாளி, கிளியனூர்

பதில்: உப்பில் நிற்கும் காலுக்கு எரிச்சல் என்றால் என்னவென்று உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்! குறையும் ஐயா. மனம் பல்லவிக்குப் போய்விட்டால் ஊசியைக் கவனிக்க ஆளில்லை. 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை 73 ஆய்வுகளை அலசியது. பாட்டு கேட்டவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் வலி, பதற்றம், வலி மாத்திரை எல்லாமே குறைவு. முழு மயக்கத்தில் கேட்டவர்களுக்கும் பலன் இருந்ததாம். (கச்சேரியில் தூங்குகிறவர்கள் இனி தைரியமாகத் தூங்கலாம்.) உங்கள் பக்கத்துப் புதுச்சேரியில், பிள்ளையார்குப்பம் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்குத் தனி மையமே இருக்கிறது. தடுப்பூசி போடும் குழந்தைகளுக்குப் பாடிக்காட்டியும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் பாட்டு, மரத்துப்போகும் ஊசிக்குத் துணைதான், மாற்று அல்ல. அந்த ஊசி போடாமல் ராஜாவை மட்டும் போட்டால், நீங்களே உச்ச ஸ்தாயியில் பாட வேண்டிவரும். டெட்டனஸ் ஊசியையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.