பெதஸ்தா குளக்கரையிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: ஒரு போஸ்ட்டாக். (விலாசம் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு உட்பட்டது.)

பெறுநர்: தேசிய சுகாதாரக் கழகங்கள் (என்ஐஎச்), பெதஸ்தா, மேரிலாந்து, அமெரிக்கா.

பொருள்: எதிர்காலத் தொழிலைத் தேடிக்கொள்ள வழிகாட்டியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய கழகத்தாருக்கு,

மனுதாரர் இன்று ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்தில்தான் இருக்கிறார். செல்களுக்கு மீடியா மாற்ற வேண்டும். செல்களுக்கு வார விடுமுறை தெரியாது. சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்பதற்குள் இந்த மனுவை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் தங்கள் ஊர்ப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஒரு தேவாலயத்தின் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. தமிழ் பைபிள் படித்தவர்களுக்குப் பெதஸ்தா தெரியும். எருசலேமில் ஒரு குளம். தேவதூதன் வந்து தண்ணீரைக் கலக்குவான். கலங்கியதும் முதலில் இறங்குகிறவருக்கு நோய் தீரும். அந்த ஒருவருக்கு மட்டும். கரையில் 38 வருஷம் நோயோடு கிடந்த ஒரு மனிதர், தான் இறங்குவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்று முறையிட்டாராம். ஓர் உதவிப் பேராசிரியர் இடத்துக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைப் பார்த்தால், ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள் என்றே மனுதாரர் கருதுகிறார்.

போஸ்ட்டாக் என்பவர் யார்? 2007இல் தாங்களும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு வரையறை தந்தீர்கள். முனைவர் பட்டம் முடித்தவர். தற்காலிகமாக, வரையறுத்த காலத்துக்கு, ஒருவரின் வழிகாட்டலில் மேற்பயிற்சி பெறுகிறவர். மனுதாரரின் அம்மா இவ்வளவு சுற்றி வளைப்பதில்லை. "இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியாப்பா?" என்று தொலைபேசியில் கேட்பார். இரண்டும் ஒன்றுதான்.

பயிற்சி என்று பெயர் வைத்ததால் அதற்குக் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. 2016இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு விதி கொண்டுவந்தது: ஆண்டுக்கு 47,476 டாலருக்குக் கீழே வாங்குகிறவருக்கு ஓவர்டைம் தர வேண்டும். தாங்கள் உடனே புதிய போஸ்ட்டாக்கின் உதவித்தொகையை 43,692இலிருந்து உயர்த்தினீர்கள். எவ்வளவுக்கு? 47,484க்கு. வரம்பைவிட எட்டு டாலர் கூடுதல். ஓவர்டைம் எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஞாயிற்றுக்கிழமை செல்களிடம் கேட்டாலே சொல்லும். அந்த நவம்பரில் டெக்சஸ் நீதிபதி ஒருவர் விதிக்கே தடை போட்டார். தாங்கள் உயர்வைத் திரும்பப் பெறவில்லை என்பதையும் மனுதாரர் பதிவு செய்கிறார். நன்றி மறப்பது நன்றன்று.

இனி நன்றிக்குரிய முக்கிய விஷயத்துக்கு வரலாம்: 'தனிநபர் வளர்ச்சித் திட்டம்' என்ற படிவம். எங்கே போக விரும்புகிறாய், உன் திறமைகள் என்ன, அடுத்த ஆண்டு இலக்கு எது என்று கேட்கும். 2012இல் 'சயன்ஸ்' இதழ்க்காரர்கள் இதை இணையத்தில் கொண்டுவந்தார்கள். கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டால் இருபது தொழில்பாதைகளில் எது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வரிசைப்படுத்தும். ஊரில் இதைப் பொருத்தம் பார்ப்பது என்பார்கள். பொருத்தம் பார்ப்பது சுலபம். வரன் இருக்கிறதா என்பதே கேள்வி.

2014 அக்டோபரிலிருந்து, மானியம் பெறுகிறவர்களின் ஆண்டறிக்கையில் இந்தப் படிவம் பயன்படுகிறதா, எப்படிப் பயன்படுகிறது என்று எழுதச் சொன்னீர்கள். படிவம் கட்டாயமில்லை. அதைப் பற்றி எழுதுவது கட்டாயம். நிரப்பிய படிவத்தை மட்டும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். மனுதாரர் தாலுகா அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்தவர். இந்த நயத்தை அங்கேகூடக் கண்டதில்லை.

தங்கள் ஆலோசனைக் குழு 2023 டிசம்பரில் இன்னொரு யோசனை சொன்னது: போஸ்ட்டாக்கின் உழைப்பில் குறைந்தது பத்து சதவீதத்தைத் தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். 40 மணி நேர வாரத்தில் நான்கு மணி நேரம். நல்ல யோசனைதான், அந்த 40 மணி நேர வாரம் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொன்னால். அதே குழு குறைந்தபட்சம் 70,000 டாலர் தரவும் சொன்னது. 2024இல் தாங்கள் அறிவித்தது 61,008. மீதி சில ஆண்டுகளில், பட்ஜெட் அனுமதித்தால். அடுத்த ஆண்டு அது 62,232 ஆனது. இந்த வேகத்தில் 70,000ஐ எட்டுவது எப்போது என்று மனுதாரர் கணக்குப் போட்டுப் பார்த்து, காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

தேடல் என்றால் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மருந்து நிறுவனத்தில் மூன்று மாதம், ஒரு காப்புரிமை அலுவலகத்தில் சில வாரம். ஆனால் அமெரிக்கப் போஸ்ட்டாக்குகளில் பாதிக்கு மேல் தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள். எச்-1பி விசா விண்ணப்பித்த முதலாளியோடு கட்டிவைக்கும். ஜே-1 விசாவில் வெளி வேலைக்கு எழுத்தில் முன் அனுமதி வேண்டும், ஆய்வாளருக்கு உச்ச வரம்பு ஐந்து ஆண்டு. முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்துவிட்டு வா என்ற நிபந்தனை பல இந்தியர்களின் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில்தான் அந்த நிபந்தனைக்கு அடிப்படையான 'திறன் பட்டியல்' என்பதிலிருந்து இந்தியா நீங்கியது. மூச்சு விடுவதற்குள், 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பியில் வருகிறவருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. காலைக் கட்டிவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்றால் எப்படி?

தேடலில் வென்றவர்களின் கதைகள் பயிலரங்குகளில் நிறையச் சொல்லப்படுகின்றன. மனுதாரர் இரண்டைச் சேர்க்கிறார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, உயிரியலுக்குத் தாவி, யேலில் போஸ்ட்டாக் ஆனார். ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு ஆசிரியர் வேலைக்கு எழுதினார். ஒன்றும் கிடைக்கவில்லை. தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்தார். 2009இல் நோபல். இந்தக் கதையை ஊக்கம் என்று சொல்கிறார்கள். ஐம்பது தேர்வுக் குழுக்களின் கண்பார்வை பற்றிய கதை என்று மனுதாரருக்குப் படுகிறது.

இன்னொருவர் டக்ளஸ் பிராஷர். ஜெல்லிமீனின் பச்சை ஒளிப் புரதத்துக்கான மரபணுவை 1992இல் குளோன் செய்தவர். தங்களிடம் நிதி கேட்டார், தாங்கள் மறுத்துவிட்டீர்கள். மரபணுவை மற்றவர்களுக்கு அனுப்பிவைத்துவிட்டு ஒதுங்கினார். 2008இல் அந்தப் புரதத்துக்காக மூவருக்கு நோபல் கிடைத்தபோது, அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மனுதாரருக்குத் தெரிந்தவரை அந்த இருபது பாதைகளில் வேன் இல்லை.

ஒன்றில் மட்டும் பகடி செய்ய மனம் வரவில்லை. 2013, 2014இல் 'பெஸ்ட்' என்ற திட்டத்தில் 17 நிறுவனங்களுக்குப் பணம் தந்து, பேராசிரியர் வேலைக்கு வெளியே உள்ள உலகை இளம் ஆய்வாளர்களுக்குக் காட்டச் சொன்னீர்கள். உருப்படியான காரியம். ஐந்து ஆண்டு, புதுப்பிப்பு இல்லை. போஸ்ட்டாக் திட்டத்துக்கும் போஸ்ட்டாக்கின் ஒப்பந்தம்தான் கிடைத்திருக்கிறது.

இதற்கிடையே, எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு தொழில் வளர்ச்சி நடந்தது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில வாரங்களில் அங்குள்ள போஸ்ட்டாக்குகள் 20 சதவீதத்துக்கு மேல் உயர்வோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் தங்கள் சொந்த வளாகத்து ஆய்வாளர்களே சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். தங்களுக்கு இது தெரிந்திருக்கும். வாசலில் நடந்த விஷயம்.

மனுதாரரின் கோரிக்கை ஒன்றே. பயிற்சி மானியம் கேட்கும் துறைகளிடம், முன்பு பயின்றவர்கள் இன்று எங்கே என்று 15 ஆண்டுக் கணக்கு வாங்குகிறீர்கள். ஆனால் பெரும்பாலான போஸ்ட்டாக்குகளுக்குப் படியளப்பது பேராசிரியரின் ஆய்வு மானியம். அங்கே இந்தக் கேள்வி இல்லை. அங்கேயும் கேளுங்கள். அந்தப் பட்டியலை, வேலைக்கு வருகிறவர் கையெழுத்திடும் முன் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றுவிட்டது.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: தனிநபர் வளர்ச்சித் திட்டம், நிரப்பியது, ஒரு பிரதி. (தங்கள் அறிவுறுத்தலின்படி இணைக்கப்படவில்லை.)