ஆயாவின் பனைமட்டையும் என் வெல்க்ரோ பட்டையும்

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, காட்டுப்பள்ளிக் குப்பத்தில் எங்கள் தாத்தாவுக்குப் பாடு இருந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முறை இல்லாத நாளில் தாத்தா பூவரச மரத்தடியில் சீட்டாடுவார். எந்த வைத்தியரும் சொல்லாமலே ஊர்க்கட்டுப்பாடு அவருக்கு ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தது.

ஆயாவுக்குப் பாடு கிடையாது. அது ஆம்பளைகள் சமாசாரம். வியாபாரி கொண்டுவந்து கொட்டும் இறாலுக்கு முறை ஏது, நாள் ஏது? ஐஸில் கிடந்ததை எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை இழுத்துப் போட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல்வரை மரத்துப்போகும். இறாலின் கொம்பு குத்தியதுகூடத் தெரியாது. உரித்துப் போட்டதில் சிவப்பு தெரிந்த பிறகுதான் எந்த விரல் என்று தேடுவாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பாள். “இன்னா ஆயா?” என்றால், “வாயுடா, நீ படு” என்பாள்.

வாயு என்று முடிவானதால் உருளைக்கிழங்குக்கும் வாழைக்காய்க்கும் வீட்டில் தடை. உப்பு ஒத்தடம், நொச்சித்தழை ஒத்தடம், விளக்கெண்ணெய் எல்லாம் நடக்கும். எதுவும் கேட்காதபோது பனைமட்டைச் சிம்பு ஒன்றை மணிக்கட்டுக்கு அடியில் வைத்து, பழைய சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டு படுப்பாள். கை மடங்காமல் கிடந்தால் காலையில் தேவலை என்று அவளாகவே கண்டுபிடித்தது. “அம்மா ராத்திரியில கிரிக்கெட் ஆடப் போவுது” என்று சித்தப்பா கேலி செய்வார்.

துறைமுகம் வந்தது, குப்பம் இடம் மாறியது. நான் சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்து கண்டெய்னர் கணக்கு எழுதுகிறேன். மரத்துப்போவதும் அதே மூன்று விரல்கள்தான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பித்தது. பிசியோதெரபிஸ்ட், கும்பிடுவதைத் தலைகீழாக்கிப் புறங்கை இரண்டையும் ஒட்டவைத்துக் கீழே தொங்கவிடச் சொன்னார். ஒரு நிமிடம் தாங்கவில்லை, விரல்கள் மதமதத்தன. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி. 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்பு. பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம். வாயுவைவிட கௌரவமான பெயர், லீவு லெட்டரில் எழுதலாம்.

வைத்தியம்? ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமலிருக்க உள்ளே தகடு வைத்த வெல்க்ரோ பட்டை. ஆயாவின் மட்டைக்கு இப்போது ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சைஸ் உண்டு. சித்தப்பா கேலி செய்யவில்லை, பில்லைப் பார்த்திருக்கிறார்.

இயற்கை வைத்தியம் சொல்லவும் ஆளுக்குக் குறைவில்லை. கோதுமையை நிறுத்து, பி6 மாத்திரை போடு, காந்த வளையல் மாட்டு. உருளைக்கிழங்கு விடுதலையாகி, கோதுமை உள்ளே போயிருக்கிறது. யோகாவுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998-இல் வந்த ஆய்வில், 42 பேரில் ஒரு பிரிவினர் 8 வாரம் ஐயங்கார் முறையில் ஆசனம் செய்தார்கள். வலி குறைந்தது, கைப்பிடி வலுத்தது. ஆனால் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. நானும் செய்கிறேன். அடுத்த ஆசனம் என்ன என்று மொபைலில் அதே கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி.

ஒத்தடமும் எண்ணெயும் சுகம் தரும், உள்ளே இருக்கும் நெருக்கத்தை விலக்காது. ஆரம்பத்தில் கைகொடுப்பது ராத்திரிப் பட்டையும், வேலையை நடுநடுவே நிறுத்துவதும்தான். பட்டையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். நிறுத்துவதற்கு எங்கள் ஆபீசில் இன்னும் யாரும் முறை வைக்கவில்லை. ஆயாவுக்கு அந்த முறை கடைசிவரை வரவேயில்லை. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை வற்றிக் குழிந்து, ஜாக்கெட் கொக்கி மாட்ட என் அம்மாவைக் கூப்பிடும் நிலைக்கு வந்தாள்.

உங்கள் உள்ளங்கையில் அந்த மேடு சப்பையாகத் தெரிந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு நரம்பு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.