எண்ணெய் குடித்த மணிக்கூடு

கே: மணிக்கூட்டுக்குள் எண்ணெய் நிரப்பினால் கடலுக்கடியிலும் ஓடுமாம். உண்மையா, விட்ட கதையா?
வாசகர், வெள்ளவத்தை

ப: உண்மைதான். காற்று அமுங்கும், எண்ணெய் லேசில் அமுங்காது. வித்தை அவ்வளவே. கடலில் 10 மீற்றர் இறங்க இறங்க ஒவ்வொரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டு போகும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அங்கே 30 மில்லிமீற்றர் அகலக் கண்ணாடியின் மேல் ஏறும் பாரம் ஏறக்குறைய 36 கிலோ. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கண்ணாடியில் ஏறி நிற்கிற கணக்கு. உள்ளே காற்று இருந்தால் அந்தப் பிள்ளையைக் கண்ணாடி தனியாகச் சுமக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும்.

கே: அப்ப 5,000 மீற்றர் வரை இறங்கலாமா?
கல்கிசை

ப: மணிக்கூடு இறங்கும். ஜேர்மனியின் ஸின் நிறுவனம் எண்ணெய் நிரப்பியே விற்கும் யு.எக்ஸ் மணிக்கூட்டின் இயந்திரம் 5,000 மீற்றர் தாங்கும் என்கிறார்கள். பொழுதுபோக்கு டைவர்களுக்கு எல்லை 40 மீற்றர். மிச்சம் 4,960 மீற்றரை அது தனியாகப் போய்வரட்டும்.

கே: மகன் தகப்பனின் செய்க்கோ 5க்குள் எண்ணெயை விட்டுவிட்டான். நின்றுபோய்விட்டது. என்ன செய்ய?
ஒரு தாய், கொட்டாஞ்சேனை

ப: பிள்ளையை அடிக்காதீர்கள் அம்மா, பாதிப் பாடம் சரியாகத்தான் படித்திருக்கிறான். இது பட்டரியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூட்டுக்கு மட்டுமான வித்தை. செய்க்கோ 5 இயந்திர மணிக்கூடு. அதிலுள்ள பலன்ஸ் சக்கரம் ஓயாமல் இங்கும் அங்கும் ஆடினால்தான் நேரம் நகரும்; எண்ணெய்க்குள் முக்கிவிட்டு ஆடு என்றால் எப்படி ஆடும்? குவாட்ஸில் நேரத்தை எண்ணும் பளிங்கு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஆனால் அது காற்றை அகற்றி மூடிய, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் குழாய்க்குள் இருப்பதால், எண்ணெய் வந்த சங்கதியே அதற்குத் தெரியாது. திருத்துபவர் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவித் தருவார். தகப்பன் ஊரில் இல்லாத கிழமையாகப் பார்த்துக் கொடுங்கள்.

கே: தேங்காயெண்ணெய் போதாதா?
வெள்ளவத்தை

ப: தாளிக்கப் போதும். 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், ஏ.சி. போட்ட கந்தோரில் உங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமே வராது. போகப்போகக் காறலும் அடிக்கும். வேண்டியது மெல்லிய சிலிக்கோன் எண்ணெய். ரிமோட் கார்களின் ஷாக் அப்சோபருக்கு விடுவது அதுதான். ட்ரெட்மில் பட்டிக்கு அடியில் பூசுவதும் பெரும்பாலும் அந்த இனமே. வெள்ளவத்தை மாடிவீடுகளில் ட்ரெட்மில்லில் ஓடுவது யார்? உடுப்புத்தானே காய்கிறது. எண்ணெய்ப் போத்தல் திறக்காமலே கிடக்கும். தடித்த எண்ணெயாக இருந்தால் மட்டும் வேண்டாம். விநாடி முள்ளைத் தள்ளித் தள்ளியே பட்டரி இளைத்துப்போகும்.

கே: என்னிடம் காசியோ டியூரோ இருக்கிறது. வீட்டிலேயே செய்வது எப்படி?
இளைஞர், ஜம்பட்டா வீதி

ப: நல்ல தெரிவு. பழுதானாலும் வீட்டில் யாரும் அழமாட்டார்கள். முதுகு மூடியைத் திருகிக் கழற்றி, மணிக்கூட்டை முகம் கீழே இருக்க ஒரு கண்ணாடிக் கிண்ணத்து எண்ணெய்க்குள் முழுதாக அமிழ்த்துங்கள். உடனே குமிழி குமிழியாகக் காற்று வரும். இனி வராது என்று நினைத்து மூடப்போனால் கெட்டீர்கள். டயலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, திகதித் தட்டுக்கு அடியில், முடுக்கியின் துளையில் என்று காற்று இன்னும் ஒளித்திருக்கும். முடுக்கியை மெல்ல இழுத்துத் தள்ளுங்கள், கிண்ணத்துக்குள்ளேயே சரித்துச் சரித்துப் பிடியுங்கள், சிரிஞ்சால் ஓரங்களில் எண்ணெய் பீச்சுங்கள். பிறகு கிண்ணத்தை மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பொறுமையில்லாதவருக்கு இந்த வேலை சரிவராது. காலையில் முடுக்கியை உள்ளே தள்ளி, றப்பர் வளையம் தன் பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, முதுகு மூடியைச் சாய்வாக இறக்கி, எண்ணெய்க்குள் வைத்தே திருகி இறுக்குங்கள். வெளியே எடுத்துக் கோப்பை கழுவும் சவர்க்காரத்தால் கழுவலாம். சிலிக்கோன் எண்ணெய் ஒரு தடவை தேய்த்துப் போகிற சாமான் அல்ல.

கே: கொழும்பில் நிரப்பியபோது ஒரு குமிழிகூட இல்லை. நுவரெலியாவுக்குப் போனால் 12க்குப் பக்கத்தில் ஒன்று வந்து நிற்கிறது!
வத்தளை

ப: குளிருக்கு எண்ணெய் சுருங்கியிருக்கிறது. 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறங்கினால் நூற்றுக்கு இரண்டு பங்களவு குறையும். உள்ளே 2 மில்லிலீற்றர் கொள்ளுமென்றால், ஏறக்குறைய ஒரு துளி. அந்தத் துளியின் இடத்தில்தான் மிளகளவு குமிழி. கொழும்புக்குத் திரும்பினால் மறைந்துவிடும். பயப்பட வேண்டியது மறுபக்கத்துக்கு: வெயிலில் நிறுத்திய காரின் முன்தட்டில் வைத்தால் எண்ணெய் விரிந்து றப்பர் வளையத்தைத் தள்ளும். பெல்ஜியத்தின் ரெசன்ஸ் நிறுவனம் தன் டைப் 3 மணிக்கூட்டில் இதற்கென்றே துருத்தி வைத்திருக்கிறது. அதுவும் இயந்திர மணிக்கூடு! இயந்திரத்தை உலர்ந்த அறையில் வைத்து, காந்தத்தால் எண்ணெய்க்குள் இருக்கும் டயலைச் சுற்றவைக்கிறார்கள். கொட்டாஞ்சேனைத் தாயின் மகன் கவனிக்க.

கே: 200 மீற்றர் என்று எழுதிய மணிக்கூட்டுக்கு எதற்கு எண்ணெய்?
டைவிங் பழகுபவர், மட்டக்குளி

ப: ஆழத்துக்குத் தேவையில்லை, அழகுக்குத் தேவை. சாதாரண மணிக்கூட்டைத் தண்ணீருக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஏறக்குறைய 49 பாகையைத் தாண்டியதும் கண்ணாடி வெள்ளி பூசினதுபோல் பளபளக்கும், நேரம் தெரியாது. தண்ணீரில் வந்த ஒளி உள்ளேயிருக்கும் காற்றுக்குள் போகமுடியாமல் முழுதாகத் திரும்பிவிடுகிறது. எண்ணெய் நிரப்பியதில் எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் முள் தெரியும். கரையிலும் டயல் கண்ணாடிக்குள் இருப்பதாகத் தோன்றாது. எழுத்துகள் மேலே மிதந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். 1917 பெப்ரவரியில் ஜேர்மனியின் வுல்ஃப் கப்பல் விதைத்த கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கிய வூஸ்டர்ஷையர், பேர்சியஸ் என்ற கப்பல்கள் கொழும்புக்கு வெளியேதான் கிடக்கின்றன. அங்கே இறங்குகிறவர்கள் கையில் டைவ் கம்பியூட்டர் கட்டுவார்கள். ஆகவே மலிவு மணிக்கூட்டில் ஆசைக்குச் செய்யுங்கள். உயிரை அதில் கட்டாதீர்கள்.

கே: எண்ணெய் விட்டால் நேரம் பிந்துமா?
பம்பலப்பிட்டி

ப: பிந்தாது. நாடு முழுக்க மணிக்கூடுகள் பிழைத்தது 1996இல், அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியபோது. பிறகு அரை மணித்தியாலம் திருப்பினார்கள், மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அதற்கு எந்த எண்ணெயும் பொறுப்பல்ல.

கே: பட்டரி முடிந்தால்?
கொட்டாஞ்சேனை

ப: எண்ணெயை வடித்து, பட்டரியை மாற்றி, கிண்ணம் சிரிஞ்ச் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கடையில் கொடுப்பதென்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்து, அது அவருடைய மேசையில் கொட்டுப்பட்டால், அடுத்த பட்டரிக்கு நீங்கள் வேறு தெருவில் கடை தேட வேண்டியிருக்கும்.