கிளை மேலாளர் தாத்தா

எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் பேரப்பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாத்தாக்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றதை ஒப்புக்கொண்டவர்கள். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவையும் மருமகன்களையும் அலசுவார்கள்; மணி அடித்ததும் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருவர் மட்டும் உட்காராமல் நிற்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் மடித்த குடை. பணி ஓய்வு உத்தரவு இன்னும் தன் கைக்கு வந்து சேரவில்லை என்கிற முகம். இந்த ஆள் ஊருக்கு ஊர் உண்டு. கோவையில் மின்வாரியத்தில் இருந்திருப்பார், திருச்சியில் ரயில்வேயில் இருந்திருப்பார். மதுரையில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வாசலுக்கு வாய்த்தவர், அரசு பஸ் டிப்போவில் கிளை மேலாளராக இருந்தவர்.

பஸ்ஸின் நெற்றியில் ‘பாண்டியன்’ என்று எழுதியிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1997இல் இப்படி வட்டாரத்துக்கொன்றாக இருந்த பெயரெல்லாம் அழிந்து ஒரே பெயரான பிறகும் பல வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தார். டிப்போவில் ஒரு மந்திரம் உண்டு: கேஎம்பிஎல். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற கணக்கு. அது ஒரு புள்ளி குறைந்தால் டிரைவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், கூடினால் ஊக்கத்தொகை. இவர் மனைவி சமையல் கேஸ் சிலிண்டருக்கும் அப்படி ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்ததாகத் தெருவில் பேச்சு. நம்பக்கூடியதுதான்.

அப்பேர்ப்பட்டவர் சாயங்காலம் மூன்றேகால் மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்று என்ன பார்க்கிறார்? வரிசையாகப் பதினைந்து கார். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது. எல்லா இன்ஜினும் உறுமுகிறது. உள்ளே ஆளுக்கொரு செல்போன். மற்றவர்கள் இதில் புகையைப் பார்ப்பார்கள், சுற்றுச்சூழலைப் பார்ப்பார்கள். அவர் பார்த்தது கேஎம்பிஎல்லை. நகராத வண்டிக்கு அது பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு மெமோ கொடுக்காமல் இருக்க அவரால் முடியுமா?

குடைக்கம்பியால் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார். “தம்பி, வண்டி எங்க போய்க்கிட்டிருக்கு?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

பதில்கள் பலவிதம். “அணைச்சு அணைச்சு ஸ்டார்ட் பண்ணா இன்னும் எண்ணெய் குடிக்கும் சார்” என்றார் ஒருவர். அது கார்ப்புரேட்டர் காலத்து நம்பிக்கை. அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பொருந்தியிருக்கலாம். இப்போது எரிபொருளை அளந்து பீய்ச்சும் இன்ஜின். பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதுதான் லாபம். இதை அவர் நின்ற இடத்திலேயே விளக்கினார். விளக்கம் மட்டும் பத்து விநாடியில் முடியவில்லை. “டீசல் டர்போ சார், உடனே அணைக்கக்கூடாதாம்” என்றார் இன்னொருவர், யூடியூபில் பார்த்தவர். “கொடைக்கானல் மலையேறி வந்தா அரை நிமிஷம் விடுங்க. நீங்க வர்றது கோச்சடையிலிருந்து” என்று பதில் வந்தது. பிள்ளைக்கு வேர்க்கும் என்றார் ஒரு தாய். பிள்ளை இன்னும் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. “இப்ப குளிர்றது சீட்டு மட்டுந்தாம்மா” என்றார் பெரியவர்.

இவர் தொல்லை தாங்காமலோ, தொல்லையை முறைப்படுத்தினால் குறையும் என்று எண்ணியோ, தலைமையாசிரியை இவரை உள்ளே அழைத்து, பள்ளியே ஒரு பிரச்சாரம் நடத்தட்டும் என்றார். பசுமைப் படைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பேரணி, ஒரு பிளக்ஸ், ஒரு உறுதிமொழி. எந்தப் பிரச்சினைக்கும் எந்தப் பள்ளியும் வைத்திருக்கும் அதே மூன்று மருந்து. பெரியவர் பேரணியை முதல் வாக்கியத்திலேயே அடித்துவிட்டார். “பிள்ளைகளை ரோட்டுல விட்டா போக்குவரத்து நிக்கும். நின்னா எல்லா வண்டியும் இன்ஜினை ஓட விட்டுக்கிட்டே நிக்கும். நாம எதை நிறுத்தச் சொல்லிக் கோஷம் போடுறோமோ அதை நாமே உண்டாக்குறோம்.” தலைமையாசிரியை பணிக்காலத்தில் பேரணிக்கு ஆட்சேபம் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பதிலாக ஒரு தாள் தயாரித்தார். ஏசியோடு நிற்கும் சின்னக் கார் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். தினம் இருபது நிமிடம், கால் லிட்டர். வருஷத்துக்கு 200 பள்ளி நாள், 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 5,000 ரூபாய், ஒரு கிலோமீட்டர்கூட நகராமல். கீழே கையெழுத்து, தேதி, ‘நகல்: கோப்பு’.

தாள் வேலை செய்தது, தப்பான இடத்தில். அதைப் படித்து ஆழ்ந்து தலையாட்டியவர்கள் ஷேர் ஆட்டோக்காரர்கள். அவர்கள் ஏற்கெனவே வண்டியை அணைத்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். சிக்னலில் பச்சை விழ ஐந்து விநாடி இருக்கும்வரை ஸ்டார்ட் செய்யாதவர்கள். அவர்களுடைய பெட்ரோல் அவர்களுடைய பை. உறுமிக்கொண்டிருந்த வண்டிகளில் பாதிக்கு எண்ணெய் போடுவது கம்பெனி. கம்பெனிக்கு யார் கண்ணீர் விடுவார்கள்?

புகையைச் சொல்லிப் பார்த்தார். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது, புகையிலை இருக்கும் அதே பட்டியலில். நியூஜெர்சியில் இருக்கும் மகன் சொன்ன சேதியும் கையில் இருந்தது: நியூயார்க்கில் பள்ளியை ஒட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இன்ஜின் ஓடக்கூடாது; ஓட விட்ட லாரியையோ பஸ்ஸையோ வீடியோ எடுத்துப் புகார் செய்பவருக்கு அபராதத்தில் கால் பங்கு. இதைக் கேட்ட டீக்கடை பெஞ்ச் தாத்தாக்கள் அன்று முதன்முதலாக எழுந்து நின்றார்கள். இங்கே அப்படிப் பங்கு கிடையாது என்றதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாற்றம் வந்தது வேறு வழியாக. ஒரு கார் டிரைவர், சம்பளத்துக்கு ஓட்டுகிற பையன், சொல்லிவிட்டான்: “ஐயா, நான் அணைச்சுடுறேன். நாப்பது டிகிரி வெயிலு. எங்க நிக்கட்டும், சொல்லுங்க.” சாலையை அகலப்படுத்தியபோது வாசலில் இருந்த மரங்கள் போயிருந்தன. பெரியவர் பதில் சொல்லவில்லை. டிப்போவில் டிரைவர்களுக்கு ஓய்வறை இல்லாமல் டூட்டி போட்டதில்லை அவர். மறுநாள் தலைமையாசிரியை அறையில் மனு. பள்ளி மைதானத்தின் ஓரமாக வேப்பமர வரிசை இருக்கிறது, பின்கேட் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? சாவியைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. திறந்ததும் வண்டிகள் நிழலுக்குள் போயின; ஒரு பானைத் தண்ணீரும் இரண்டு பெஞ்சும் வந்தன; இன்ஜின்கள் பாதிக்கு மேல் தாமாகவே அடங்கின. டிரைவர்கள் வெளியே வந்து அரட்டையடிக்க ஆரம்பித்தார்கள்.

மிச்சம் இருந்தவர்களைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். ஏழாம் வகுப்பில் நான்கு பேரைப் பொறுக்கி எடுத்து, செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று பதவி கொடுத்து, கையில் டிரிப் ஷீட் கொடுத்தார். அபராதம் கிடையாது, வண்டி எண், நின்ற நிமிடம், அவ்வளவுதான். முதல் வாரமே ஒரு சிறுமி எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாள்: “எங்க அப்பா வண்டி. பதினோரு நிமிஷம்.” அந்த அப்பா அதற்குப் பிறகு வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். அங்கே அணைக்கிறாரா என்று விசாரிக்க ஒருவரை அனுப்பலாமா என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஆண்டு விழாவில் பெரியவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கரஸ்பாண்டண்ட் மைக்கில் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பெரியவர் தலை மட்டும் மேடையின் பின்பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை, போனால் என்ன செய்வது என்று சாயங்காலத்திலிருந்தே ஓட விட்டிருந்தார்கள். பொன்னாடையோடு படியிறங்கிப் போனார். ஆபரேட்டர் வணக்கம் வைத்தான்.

“லாக் புக் எங்க தம்பி?” என்றார்.