மூத்த பிள்ளைக்கு நைனாக்கள் எழுதிக்கொண்டது

அன்புள்ள மூத்த பிள்ளை, தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-க்கு,

தண்டையார்பேட்டையில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியமா என்று நீ கேட்பதில்லை; உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் ஆண்டுக்கொரு முறை விசாரித்து விரல் ரேகை வாங்கிக்கொள்கிறாய். மிஷின் தின்ற விரலில் ரேகையைத் தேடுவது எங்கள் பாடு. இப்போது முகம் காட்டினாலே போதும் என்கிறாய். பாசக்காரன்தான்.

திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்த்த காலத்தில், எங்கள் சம்பளத்துக்கு 8.33 சதவீதம் கணக்குப் போட்டு, முதலாளி பங்கிலிருந்து உனக்குப் போனது. தாய்மாமன் முறைக்கு மத்திய அரசு 1.16 சதவீதம் மொய் வைத்தது. நன்றாகத்தான் வளர்ந்தாய். கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-லேயே, குறைந்தது 3,000 ரூபாயாவது கொடு என்றது. நீ 2014 செப்டம்பரில் 1,000 என்றாய். பத்து வருஷம் தாண்டியும் அதே ஆயிரம். அகவிலைப்படி என்று ஒன்று இருப்பதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும்.

அந்த ஆயிரத்தைப் பிரித்தால் நாளுக்கு 33 ரூபாய் ஆகிறது. பக்கவாதத்தில் விழுந்தவரைப் புரட்டிப் படுக்கவைக்க, டயப்பர் மாற்ற, ட்யூபில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். ஏஜென்சிக்குப் போன் போட்டால், பகல் ஆளா ராத்திரி ஆளா என்கிறார்கள். 33 ரூபாய்க்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டோம். வைத்துவிட்டார்கள்.

உன் தம்பி ஆயுஷ்மான் கார்டு, 2024-இலிருந்து 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறான். தாராள மனசு. ஆனால் அட்மிட் ஆனால்தான் திரும்பிப் பார்ப்பான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக் கட்டிலில் கிடந்தால் அது நோயில்லை, மருமகள் வேலை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களை எழுப்ப முடியுமா?

விஷயத்துக்கு வருகிறோம். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளை மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில். துறைமுகத்தில் லாரி ஓட்டும் இளையவனுக்குப் பத்தாயிரம், டெல்லியில் ஆபீஸ் போட்டிருக்கும் உனக்கு ஆயிரமா? இது எந்த ஊர் பாகப்பிரிவினை?

கோட்டாட்சியருக்கு மனு எழுதியாகிவிட்டது. எதிர்மனுதாரர் உன் பெயர். உறவுமுறை என்ற இடத்தில் மூத்த பிள்ளை என்று போட்டிருக்கிறோம். நீ எங்கள் பிள்ளை இல்லை என்றால் மாசக் கடைசிக்குள் சொல்லிவிடு.

இப்படிக்கு,
நைனாக்கள்