ஐந்திணை முளையியல்: கேரவன் பந்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

இங்கிலாந்தில் காரின் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிறவர்கள், போய்ச் சேர்ந்ததும் அதன் பக்கவாட்டில் ஒரு துணிப்பந்தல் போடுவார்கள். பந்தலின் ஒரு விளிம்பு கேரவனில் பொருத்திய அலுமினியக் காடிக்குள் வழுக்கிக்கொண்டு நுழையும். மற்ற மூன்று பக்கங்களைத் தரையில் முளை அடித்துத்தான் நிறுத்த வேண்டும். இம்முளைகளைப் பற்றிய இலக்கியம் பெரும்பாலும் விலைப்பட்டியலாகவே இருக்கிறது. இலக்கணம் செய்வார் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

துறையின் தொன்மையில் ஐயமில்லை. உறங்கிக்கொண்டிருந்த படைத்தலைவன் சிசெராவின் நெற்றிப்பொட்டில் யாகேல் என்பவள் கூடார முளையை வைத்து அறைந்தாள் என்றும், அது தரையில் போய் இறங்கியது என்றும் விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல் சொல்கிறது. முளையின் நீளத்தையும் தரையின் தன்மையையும் அந்நூல் குறிக்காமல் விட்டது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர், 'வாண்டரர்' என்ற குதிரைவண்டியை உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டுவித்தார். கேரவன் வரலாற்றாசிரியர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

முளைகளைக் கடைக்காரர் நீளத்தாலும் விலையாலும் பிரிக்கிறார். தவறு. முளை என்பது நிலத்தோடு கொள்ளும் உறவு. ஆகவே தொல்காப்பியர் வழிநின்று திணை பிரிப்பதே முறை. திணை ஐந்து, முதற்பொருளில் நிலம் நான்கு. சிறுபொழுது ஐந்துக்கும் ஒன்றே: மாலை, தூறலோடு. கருப்பொருளில் தெய்வம், உணா, புள் எல்லாவற்றையும் விட்டுவிடலாம், பறை ஒன்றே போதும். சுத்தியல் விழும் ஓசையைக் கேட்டே கண்ணை மூடிக்கொண்டு திணை சொல்லிவிடலாம்.

குறிஞ்சி என்பது ஏரி மாவட்டமும் வேல்ஸ் மலைகளும். மேலே ஒரு சாண் மண், கீழே ஸ்லேட் பாறை. இதற்கு உரியது பென்சில் பருமனுள்ள எஃகு ஆணி. உரிப்பொருள் புணர்தல்: கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்தை முளை தானே கண்டுபிடித்து நுழைய வேண்டும். 'ணங்' என்று பறை ஒலித்தால் பிடுங்கி, இரண்டு விரற்கடை தள்ளி மீண்டும் முயல்க. களவு வெற்றிபெறும்வரை தலைவன் இடம் மாறுவது மரபே.

முல்லை, புல்வெளி. புல்வேரே முளையைப் பிடித்துக்கொள்ளும். உரிப்பொருள் இருத்தல்; அதுவும் இருக்கிறது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

மருதத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. லண்டனைச் சுற்றியுள்ள களிமண் கோடை வறட்சியில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். ஆகஸ்டில் அது சுட்ட செங்கல். பிளாஸ்டிக் முளையை வைத்து அடித்தால் தலை தெறித்து அடுத்த பந்தலுக்குள் போய் விழும். அக்டோபரிலோ கட்டைவிரலால் அழுத்தினாலே இறங்கிவிடும், ஆனால் வெளியே வராது. ஊருக்குத் திரும்பும் காலையில் இன்னொரு முளையின் கொக்கியை அதில் மாட்டிக் கணவன் இழுப்பார். "திருகி இழுங்க, சும்மா இழுத்தா வருமா?" என்று மனைவி கேரவனுக்குள்ளிருந்தே சொல்வார். முளை ஒருகைக் களிமண்ணோடு 'பொளக்' என்று பிடுங்கிக்கொள்ள, அவர் மல்லாந்து விழுவார். இருநூறு மைல் தூரம் காருக்குள் பேச்சிருக்காது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று வகுத்தவர் களிமண்ணை அறிந்தவர்.

இதன் காரணத்தைக் கூலோம் 1776-இல் அச்சான தம் கட்டுரையில் விளக்கிவிட்டார்: மண்ணின் பிடி இரண்டு வகை, ஒன்று ஒட்டுதல், மற்றொன்று உராய்தல். களிமண்ணுக்கு ஒட்டும் குணம் உண்டு, காய்ந்த மணலுக்கோ உராய்வு மட்டுமே. அவர் மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய ராணுவப் பொறியாளர். பந்தல் போட்டதாகக் குறிப்பில்லை.

ஆக, நெய்தலில் இரங்கல் கூலோமின் கணக்குப்படியே விளைகிறது. கார்ன்வால் கடற்கரை மணலில் ஒல்லிக் கம்பி முளை 'சொத்' என்று இறங்கும், அதே எளிமையோடு ஏறியும் வரும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. நள்ளிரவில் பந்தல் கடலைப் பார்க்கப் புறப்படும். இங்கே வேண்டியது அகலம்: V வடிவில் மடித்த நீண்ட தகட்டு முளை. அதுவும் இல்லாதார் ஒரு பையில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்துவிடலாம். முளையைச் சாய்த்து அடிப்பதா, நேரே அடிப்பதா என்று உரையாசிரியர்களிடையே பூசல் உண்டு. 45 பாகை கட்சியினர் முளையின் தலை பந்தலுக்கு எதிர்ப்புறம் சாய வேண்டும் என்பர். நேர்க்கட்சியினர் ஆழமே பிடி என்பர். மணலில் இரு கட்சியும் காலையில் ஒரே வேலியோரம் தத்தம் பந்தலைத் தேடுவதைக் காணலாம்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. அங்கே திரித்தது வெயில், இங்கே மழை. கேரவன் சக்கரங்கள் உழுது சேறாக்கிய புல்வெளியில் உரிமையாளர் ஜல்லி கொட்டி, உருளை ஓட்டி இறுக்கிவிடுகிறார். முதல் இரண்டு அடிக்கு முளை இறங்கும். மூன்றாம் அடிக்கு 'ணங்'. நான்காவதில் சாயும். ஐந்தாவதில் வளைந்து கேள்விக்குறியாக நிற்கும். தடித்த முளையாயின் எஃகு தாங்கும், பிளாஸ்டிக் தலை உடைந்து உடலை விட்டு நீங்கும். உரிப்பொருள் பிரிதல் என்பது இதனாற் பெறப்படும். அடியில் மின்கேபிளும் தண்ணீர்க் குழாயும் ஓடும் என்பதால் நீளத்துக்கு ஆசைப்படுவதும் ஆகாது.

திருகு முளை என ஒன்று வந்திருக்கிறது. சுத்தியலே வேண்டாம், ட்ரில் மெஷினை வைத்து ஜல்லிக்குள் முறுக்கி இறக்குவது. நிலத்தின் சம்மதம் கேளாத இதனைப் பெருந்திணையில் சேர்ப்பதன்றி வேறு வழியில்லை. பொருந்தாக் காமம் என்று இலக்கணம் இழித்தாலும், பாலையில் விடியும்வரை நிற்கும் பந்தல் இதனுடையதே. காலையில் மெஷினைப் பின்னோக்கிச் சுற்றினால் முனகாமல் வெளியே வந்தும் விடும்.

எஞ்சியது, பந்தல் வாங்கும்போது ஒரு பை நிறைய இலவசமாகத் தரும் ஒல்லிக் கம்பி முளை. குறிஞ்சியில் வளையும், மருதத்தில் மாட்டிக்கொள்ளும், நெய்தலில் மிதக்கும், பாலையில் நுழையவே நுழையாது. முல்லையிலும் காற்றில்லாத நாளில் மட்டுமே நிற்கும். அதன் பக்கம் ஆசைக்குக் குறைவில்லை. எந்த நிலமும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைக்கிளை. கடையின் காட்சியறையில் விரித்திருக்கும் செயற்கைப் புல்லில் மட்டும் வரிசை பிசகாமல் நிற்கிறது.