ரிட்டயர்டு சாரும் டீச்சரம்மாவும்

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் ‘ரிட்டயர்டு சார்’. தாலுகா ஆபீஸில் சர்வீஸ் போட்டு, மாலையும் சால்வையுமாக ஜீப்பில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடப்பட்டவர். மனைவி ஆறேழு வயது இளையவர், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் டீச்சர். அவருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. வம்பு அங்கேதான்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. இரண்டு அறிவிப்பின்போதும் சாரைவிட டீச்சரம்மா முகத்தில்தான் அதிகக் களை. அது ஏன் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சர்வீஸில் இருந்தவரை சார் வீட்டில் பேசியதே குறைவு. ஜமாபந்தி முடியட்டும், எலெக்‌ஷன் முடியட்டும், ஆடிட் முடியட்டும் என்றே காலம் ஓடிவிட்டது. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. டீச்சரம்மா ஒரு கையில் டிபன்பாக்ஸ் மூடியும் மறு கையில் சேப்டி பின்னுமாக ஓடிக்கொண்டிருக்கும் காலை ஏழே முக்காலுக்கு, சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

“இப்ப சொல்லும்மா. என்னமோ பேசணும்னியே?”

“எப்பங்க?”

“நம்ம பையன் அஞ்சாவது படிக்கிறப்ப.”

பையன் இப்போது பெங்களூரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த அம்மாள் பஸ் ஏறியதும் வீடு ஆபீஸாகிவிடும். சமையலறையில் சார் தணிக்கை நடத்துவார். டப்பாக்கள் உயர வாரியாக நிற்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சீட்டு: ‘ந.க.எண் 7/சமையல்/துவரை’. கடுகுக்கும் வெந்தயத்துக்கும் தனித்தனி வரிசை எண். சாயங்காலம் ரசம் கொதிக்கும் நேரத்தில் டீச்சரம்மா குரல் கொடுப்பார், “பெருங்காயம் எங்கங்க?”

“அடிக்கடி தேவைப்படாத ஐட்டம்னு ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிட்டேன்.”

ரெக்கார்டு ரூம் என்பது பரண்.

மதியம் போன் வரும். “சாப்பிட்டியா?” என்று கேட்பார். பக்கத்து மேஜை டீச்சர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள். பாவம், அவர்களுக்கு அடுத்த கேள்வி காதில் விழாது. “தண்ணி மோட்டார் சுவிட்ச் எது?” சொந்த வீடு, கிரகப்பிரவேசத்தன்று ஹோமத்தில் உட்கார்ந்தவர் அவரேதான். ஆனாலும் இதைப் பிரியம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மனிதருக்குத் தெரிந்த பாஷை ஆபீஸ் பாஷை ஒன்றுதான், பிரியமும் அதிலேயே வருகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய்த் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறார். வீட்டில் அதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒருநாள் ஆரம்பித்தார். “என் பென்ஷனே போதும். நீ விஆர்எஸ் குடுத்துடேன். ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்.”

“உங்களுக்குப் பழைய திட்டம். நான் 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்தவ, சிபிஎஸ், பங்களிப்பு பென்ஷன்.”

பணம் ஒரு சாக்கு. பொறுப்புத் தலைமையாசிரியராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேட் அருகே பையை வாங்கிக்கொள்ள நாலு பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். காலை உணவுத் திட்டத்துக் கிச்சடியில் உப்பு சரியா என்று அவர் சொன்னால்தான் தட்டு நகர்கிறது. சார் இறங்கிய ஜீப்பில் டீச்சரம்மா இப்போதுதான் ஏறியிருக்கிறார், அவரைப் போய் இறங்கச் சொன்னால்?

சமாதானம் எமிஸ் என்கிற பள்ளித் தகவல் தளம் வழியாக வந்தது. ஒரு ராத்திரி பள்ளிப் புள்ளிவிவரத்தில் கூட்டல் உதைக்க, டீச்சரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சார் எட்டிப் பார்த்தார். ஸ்டேட்மென்ட்! கட்டம் போட்ட தாள்! மனிதருக்கு ரத்தம் ஊறிவிட்டது. “மூணாவது காலத்துல மாணவிகளை ரெண்டு தடவை சேர்த்திருக்க பாரு” என்றார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊஞ்சலில் இருவரும் உட்காருகிறார்கள், நடுவில் தாள்கள். வட்டாரக் கல்வி அலுவலர் விளக்கம் கேட்டால், ‘பார்வை 1, பார்வை 2’ போட்டு, கேட்டவரே வருந்தும்படி சார் டிராப்ட் எழுதித் தருகிறார். முன்பெல்லாம் டீச்சரம்மா பள்ளிக்கூடக் கதை சொன்னால் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு ‘உம்’ வரும், அதுவும் தப்பான இடத்தில். இப்போது, “அந்த நாலாங்கிளாஸ் டீச்சர் மெடிக்கல் லீவு முடிஞ்சு வந்தாச்சா? மாமியாரோட ராசியாயிட்டாளா?” என்று அவரே எடுத்துக் கொடுக்கிறார். கதை ஒருநாள் விட்டுப்போனால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

பெருங்காயம் அஞ்சறைப்பெட்டிக்குத் திரும்பிவிட்டது, சீட்டோடு.

போன வாரம் டைரியைப் பிரித்து மனைவியின் ரிட்டயர்மென்ட் கணக்கைப் போட்டார். “ஆகஸ்ட் 31-ல ஓய்வு. செப்டம்பர்ல காசி. டிக்கெட் கிடைக்காது, ரிசர்வேஷன் திறந்த அன்னிக்கே போட்டுடணும்.”

“வருஷ நடுவுல ரிட்டயர் ஆனா, கல்வியாண்டு முடியற வரைக்கும் டீச்சருங்களுக்கு நீட்டிப்பு உண்டுங்க.”

சார் நிமிர்ந்தார். முப்பது வருஷ ஆபீஸ் ரத்தம். “அரசாணை இருக்கா?”

டீச்சரம்மா கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த நகலை எடுத்து நீட்டினார்.